ஓட்டவீரரின் முன்பாத நோவு: ஒரு விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ 15 நெடுஞ்சாலையிலே, வாகரைப் பகுதியில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்டுக் கிடப்பது பனிச்சங்கேணி. பனிச்சை மரம் நின்ற கேணி என்பது இப்பெயரின் பொருளாதல் கூடும். பனிச்சங்காயின் சாற்றிலே வலையைத் தோய்த்து உரமேற்றுவது கரையோர மீனவரின் பழைய வழக்கமாகும். இத்தகைய ஊரில் ஓட்டப்பயிற்சி செய்ய விழைவோர்க்கு மூவகை நிலம் வாய்க்கிறது. அலை நனைத்து இறுகிய ஈரமணல் ஒன்று; காலைப் புதையவைக்கும் உலர்மணல் மற்றொன்று; தார்வீதி மூன்றாவது. இவற்றில் வெறுங்காலுடன் ஓடுவது கிழக்கிலங்கைக் கரையோரக் கிராமத்து மாணவர்க்குப் புதிதன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்குங் காலத்தில், அவர்களுட் சிலர் பாதத்தின் முற்பகுதியை ஊன்றவியலாது நொண்டுவதும், "கால் நோகுது" என்பதற்கு மேல் எதுவுங் கூறாது மீண்டும் ஓடுவதும் உண்டு. நோவைப் பொறுத்தலே வீரம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். நோவைப் பொறுத்தல் வேறு, நோவை அறிதல் வேறு. அறிதலுக்கு வேண்டிய சொற்கள் நம் பேச்சுவழக்கிலேயே உள. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்பாதத்தின் அமைப்பு

மனித பாதம் ஒவ்வொன்றிலும் 26 என்புகள் உள. அவற்றுள் 7 கணுக்காலென்புகள், 5 அனுகணுக்காலென்புகள், 14 விரலென்புகள். அனுகணுக்காலென்புகள் ஐந்தின் தலைகளும், விரல்களுக்குச் சற்றுப் பின்னே, நிலத்தில் ஊன்றும் மேடாக அமைந்துள்ளன. இம்மேட்டையே நாம் ஈண்டு முன்பாதம் என்கிறோம். குதிக்கால் நிலத்தை விட்டெழுந்த பின் உடலின் பாரம் முழுவதும் இதன்மீதே வந்து தங்குகிறது. ஓடும்போது ஒவ்வோரடியிலும் பாதம் தாங்கும் விசை உடல்நிறையின் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும். 50 கிலோகிராம் நிறையுடைய மாணவியின் ஒரு பாதம், 100 முதல் 150 கிலோகிராம் வரையான பாரத்தைக் கணந்தோறும் ஏற்று விடுக்கிறது என்பது பொருள்.

இவ்விசையை ஆற்றுதற்குத் தோலின் கீழே கொழுப்பு மெத்தையொன்று உண்டு. பெருவிரலின் அடியிலே, தசைநாணினுட் புதைந்த இரு சிற்றென்புகளும் உள. எள்ளை ஒத்தவை என்னும் பொருள்படவே மேனாட்டார் அவற்றுக்குப் பெயரிட்டனர். இரண்டாம் அனுகணுக்காலென்பு பெரும்பாலோரிடத்து ஏனையவற்றினும் நீண்டது. அதன் அடியோ கணுக்காலென்புகளிடையே இறுகப் பொருந்தியிருத்தலின் அசைவு குன்றியது. ஆதலாலேயே மிகைப்பாரத்தின் தீங்கு இரண்டாம், மூன்றாம் என்புகளில் அடிக்கடி வெளிப்படுகிறது.

நோவின் வகைகள்

நம் மக்கள் நோவை ஒரே சொல்லாற் குறிப்பதில்லை. உளைவு, எரிவு, விறைப்பு, குத்து எனப் பகுத்தே பேசுவர். இப்பகுப்பு முன்பாத நோவை ஆராய்வார்க்குப் பெரிதும் துணைபுரிவதாகும்.

உளைவு என்பது முன்பாதம் எங்கும் பரந்து, ஓட்டத்தின் பின் தோன்றி, ஓய்வினால் தணிவது. திடீரென ஓடுந்தூரத்தைக் கூட்டுதல், தேய்ந்த சப்பாத்து, இறுகிய கெண்டைக்காற்றசை ஆகியன இதற்குரிய பொதுக் காரணங்கள்.

எரிவும் விறைப்பும் நரம்பின் மொழி எனலாம். இவை பெரும்பாலும் மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே தோன்றும். சப்பாத்தினுள் கூழாங்கல் கிடப்பது போன்ற உணர்வு உண்டாகும். சப்பாத்தைக் கழற்றி விரல்களைப் பிசைந்தால் தணியும். அனுகணுக்காலென்புகளிடையே செல்லும் நரம்பு நெரிபட்டுத் தடிப்பதே காரணம். ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த தோமஸ் மோர்ட்டன் இந்நோவை 1876இல் விரித்துரைத்தமையால், அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து இதனை மிகுவிக்கும்.

குத்து இடத்தால் வேறுபடும். பெருவிரலின் அடியிற் குத்தினால் முற்கூறிய சிற்றென்புகளை ஐயுறல் வேண்டும். விரலை ஊன்றி உந்திப் பாயும் குறுந்தூர ஓட்டவீரரிடத்து இது காணப்படும். இரண்டாம் விரலின் அடியிற் குத்துடன் வீக்கமும் தோன்றி, அவ்விரல் மெல்லப் பெருவிரற் பக்கம் விலகுமாயின், மூட்டின் கீழுள்ள இணைப்புத்தட்டு கிழிந்திருத்தல் கூடும்.

புறங்காலிலே, ஒரு விரல்நுனியால் தொட்டுக்காட்டத்தக்க ஒரே புள்ளியிற் குத்துவதே யாவற்றினும் கவனிக்கத்தக்கது. அது தகைப்பு முறிவின் குறியாகலாம். ஒரே அடியால் விளையாது, பல்லாயிரம் அடிகளின் சேர்க்கையால் என்பில் விழும் நுண்ணிய வெடிப்பே தகைப்பு முறிவாகும். நெடுந்தூரம் நடந்த படைவீரரின் பாதங்கள் வீங்கி நோவதைப் பிரசிய இராணுவ வைத்தியரான பிரைதாப்ற் 1855இலேயே எழுதினார். அந்நோவின் உள்ளே முறிவு இருந்தமை, எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1897இல் புலனாயிற்று. முதலிரு வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்திலும் இது தோன்றாது போகலாம். ஆதலின் "படத்தில் ஒன்றுமில்லை" என்பது "முறிவு இல்லை" என்பதற்கு ஈடாகாது.

மணலும் தாரும்

வெறுங்கால் ஓட்டம் நன்றோ தீதோ என்னும் வினா ஈண்டு எழும். வெறுங்காலுடன் ஓடிப் பழகியோர் பலர் குதிக்காலை முதலில் மோதாது முன்பாதத்தையே மெல்ல ஊன்றுகின்றனர் என்பதைக் கென்யாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வினால் டானியல் லீபர்மனும் குழுவினரும் 2010இல் காட்டினர். இதனால் குதிக்காலின் மோதல் குறைகிறது. முன்பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் உரிய வேலையோ கூடுகிறது. சப்பாத்துப் பழகிய ஓட்டவீரர் 36 பேரை 10 வாரங்கள் அவதானித்து 2013இல் வெளிவந்த மற்றோராய்வில், மெல்லிய அடியுடைய சப்பாத்துக்கு மாறியோருட் பாதிக்கு மேற்பட்டோரின் பாதவென்புகளில் மச்சை வீக்கம் கூடியமை காணப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினால், தீங்கு வெறுங்காலிலும் இல்லை, சப்பாத்திலும் இல்லை. பழகாத பாரத்தை விரைந்து ஏற்றுவதிலேயே உள்ளது என்பது பெறப்படும்.

மணலில் மட்டும் ஓடிய பாதம், போட்டிக்குச் சில நாட்களின் முன் தார்வீதிக்கு மாறுவதும், பழைய சப்பாத்தை விடுத்துப் புதிய கூராணிச் சப்பாத்தை அணிந்து முழுவேகத்தில் ஓடுவதும் இத்தகைய திடீர் மாற்றங்களே. உலர்மணல் மோதலைத் தணிப்பினும், கால் புதைதலால் கெண்டைக்காலையும் விரல்களையும் களைப்பிக்கும். கடற்கரைச் சரிவில் ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடுவது இரு பாதங்களுக்கும் பாரத்தைச் சமமின்றிப் பகிரும்.

செய்யத்தக்கவை

உளைவு தோன்றின் ஓட்டத்தைக் குறைத்தல் வேண்டும். நடையையே மாற்றும் அளவுக்கு நோவு இருப்பின் ஓட்டத்தை நிறுத்தல் வேண்டும். நோவைத் தூண்டாத நீச்சலோ சைக்கிளோட்டமோ உடலுரத்தைப் பேணும். துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். விரல்கள் விரிய இடமுள்ள சப்பாத்தைத் தெரிதல் நன்று. முன்பாதத்தைத் தாங்கும் சிறு மெத்தையை நோகும் இடத்தின் நேர்கீழே வைப்பது பலரும் செய்யும் பிழையாகும்; அதனைச் சற்றுப் பின்னே வைத்தாலே என்புத் தலைகளின் பாரம் குறையும். கெண்டைக்காலை நாள்தோறும் நீட்டிப் பயிலுதலும் பயன்தரும். கெண்டைக்கால் இறுகின் குதிக்கால் முந்தியே எழும். முன்பாதம் நெடுநேரம் சுமக்கும்.

ஒரே புள்ளியிற் குத்து, வீக்கம், ஓய்விலும் இரவிலும் தொடரும் நோவு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும். தகைப்பு முறிவு ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலும் ஆறும். அதன்மேல் ஓடினாலோ முழுமுறிவாகலாம். நோவுநீக்கி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போட்டியில் ஓடுவது அறிவுடைமையன்று. நோவின்றி அரைமணி நேரம் நடக்க இயன்ற பின்னரே, நடையும் சிற்றோட்டமும் மாறிமாறி அமையப் பயிற்சியை மீளத் தொடங்கல் தகும்.

முடிபு

நோவற்ற பாதம் நற்பேறு எனத் தோன்றலாம். தொழுநோயாளரின் பாதங்கள் அதற்கு மாறான சான்றாக நிற்கின்றன. கொல்லிமலையிற் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயாளரின் உள்ளங்காற் புண்களுக்கு உணர்விழப்பே அடிப்படை என வலியுறுத்தினார். உணர்வுள்ளோர் நோவு தோன்றியதும் தம்மையறியாமலே நொண்டிப் பாரத்தை வேறிடத்துக்கு மாற்றுவர்; உணர்விழந்தோர் அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் மிதித்துப் புண்ணாக்குவர். நெடுநாள் நீரிழிவால் உணர்வு குன்றிய பாதத்தின் நிலையும் இதுவே. ஆதலின் நீரிழிவுடையோர் வெறுங்காலுடன் ஓடுதலும், முன்பாதத்துத் தடிப்பைச் சவர அலகினாற் சீவுதலும் தவிர்க்கத்தக்கன.

நொண்டுதல் இழிவன்று, அது உடல் தன்னைக் காக்கும் முறை. எனவே நொண்டிவரும் மாணவனைப் பயிற்றுநர் "பொறுத்துக்கொள்" எனப் பணித்தலை விடுத்து, எங்கே, எப்போது, எவ்வாறு எனும் மூன்று வினாக்களை வினவல் வேண்டும். உளைவா, எரிவா, விறைப்பா, குத்தா என அவன் தன் சொல்லாற் கூறும் விடையே சிகிச்சையின் முதற்படியாகும் என்பது நம் துணிபு.