டயர் வேறு, கூலி வேறு

5.90-15. அம்பாசிடர் வைத்திருந்த வீடுகளில் இந்த எண்ணைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பிரீமியர் பத்மினி என்றால் 5.20-14. ஹெரால்டு போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், 1980-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு அளவுக்குள் அடங்கிவிடும். டயர் கடைக்காரர் அளவு கேட்க மாட்டார், வண்டி எது என்று மட்டும் கேட்பார். இன்று ஸ்விஃப்ட் வைத்திருப்பவரிடம் அப்படிக் கேட்டுப் பயனில்லை. அதே காரில் ஆரம்ப வகைக்கு 165/80 ஆர்14, விலை கூடிய வகைக்கு 185/65 ஆர்15. கிரெட்டாவுக்கும் அப்படியே, 16 அங்குலமும் உண்டு, 17 அங்குலமும் உண்டு. வாங்கப் போகிறவர் முதலில் தரையில் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பதைப் படித்துக்கொண்டு வர வேண்டும்.

அன்றைக்கு வாங்குபவர் குந்த வேண்டியிருக்கவில்லை. டயர் வாங்குவது பெரும்பாலும் மெக்கானிக்கின் வேலை. “சார், பின்னாடி ரெண்டும் மொட்டை ஆயிடுச்சு, புதுசு போட்டுடலாம்” என்று சொல்வதும் அவர்தான், தனக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். சென்னை என்றால் அது ஜி.பி. ரோடு பக்கத்துக் கடையாக இருக்கலாம். கை சுருங்கியவர்களுக்குப் புதுப்பேட்டையில் பழைய டயர் கிடைக்கும். கடைக்காரர் ஒரு விலை சொல்வார். அதில் கடைக்கு எவ்வளவு, மெக்கானிக்குக்கு எவ்வளவு என்பது காசு கொடுப்பவருக்குத் தெரியாது. மாட்டித் தரக் கூலி எவ்வளவு என்ற கேள்வியே எழாது. டயர் வாங்கினால் மாட்டித் தருவார்கள், அவ்வளவுதான்.

தேர்ந்தெடுக்கவும் அதிகம் இருக்கவில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952-ல் ரீட்ரெட் ரப்பருக்கு மாறி, 1961-ல் டயர் தயாரிப்புக்கு வந்த எம்.ஆர்.எஃப். ஒரு பக்கம். 1959-ல் அம்பத்தூரில் ஆலை தொடங்கிய டன்லப் இன்னொரு பக்கம். இவற்றோடு சியட், குட்இயர், ஃபயர்ஸ்டோன். அம்பத்தூர் ஆலை ஓய்ந்துபோன பிறகும் டன்லப் என்பது அங்கே பேருந்து நிறுத்தத்தின் பெயராக இருக்கிறது. இன்று ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின், அரக்கோணத்திலும் பெரம்பலூர் பக்கத்திலும் எம்.ஆர்.எஃப். என்று சென்னையைச் சுற்றியும் தாண்டியும் ஆலைகள் நிற்கின்றன. அப்படியிருந்தும், இணையத்தில் வாங்கும் டயர் வேறு மாநிலத்துக் கிடங்கு ஒன்றிலிருந்து லாரி ஏறி வரக்கூடும். ஒரகடத்தில் பிறந்த டயர் வடக்கே போய்விட்டுத் தாம்பரத்துக்குத் திரும்பி வந்தாலும் வியப்பில்லை.

அந்தக் காலத்து மாட்டும் வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் சத்தம் நினைவிருக்கும். இரண்டு நீளமான லீவர், ஒரு சுத்தியல், ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர். பழைய டயரை ரிம்மிலிருந்து பிரிக்க ஒருவர் மேலே ஏறி மிதிப்பார். டியூபுக்குப் பவுடர் பூசி உள்ளே நுழைத்து, லீவர் டியூபைக் கிள்ளிவிடாமல் விளிம்பை ஏற்றுவதில்தான் கைத்திறன். கிள்ளிவிட்டால் புது டயருக்குள் அன்றே பஞ்சர். பேலன்சிங் என்பது பலருக்குக் கேள்விப்படாத சங்கதி. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அது பெரிய குறையாகத் தெரியவும் இல்லை. அலைன்மென்ட் பார்க்க மெக்கானிக் சக்கரத்துக்குச் சக்கரம் நூல் பிடிப்பார். அது துல்லியமா என்றால் இல்லை. ஆனால் நூல் பிடித்தவரிடமே அடுத்த மாதமும் வண்டி போகும் என்பதால், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் கேட்க ஆள் இருந்தது.

சாதாரண நைலான் டயர் 25,000 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல உழைப்பு. தேய்ந்ததும் குப்பைக்குப் போகாது, ரீட்ரெட்டுக்குப் போகும். புது டயர் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தால் மேல்தோல் புதிதாகிவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேருந்துகளுக்கு இது இன்றும் நடக்கிறது, லாரிகளுக்கும் நடக்கிறது. காரில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஸ்டீல் ரேடியல் டயர் 40,000, 50,000 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அதற்குப் பிறகு அதன் உடம்பை நம்பி மேல்தோல் போட யாருக்கும் மனம் வருவதில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது தொடங்கிய மாற்றம் இது. சக்கரம் 12 அங்குலத்துக்குச் சுருங்கியது, ரேடியல் பரவியது, பிறகு டியூப் போயிற்று, அலாய் சக்கரம் வந்தது. லீவர் பட்டால் அலாயில் கீறல் விழும் என்பதால் மாட்டும் இயந்திரம் கட்டாயமாயிற்று. வேகம் 100-ஐத் தொட்டதும் பேலன்சிங் இல்லாமல் ஸ்டியரிங் நடுங்கிற்று, அதற்கொரு இயந்திரம். நூல் இருந்த இடத்தில் கேமராவும் கணினித் திரையும். இவை அனைத்தும் இணையத்துக்கு முன்பே வந்துவிட்டவை. டயரை விட அதை மாட்டுவதற்கான முதலீடு பெரியதாகிக்கொண்டிருந்ததை ஒரே ரசீதில் எழுதிய மொத்த விலை மறைத்து வைத்திருந்தது.

இணையம் செய்தது அந்த ரசீதைப் பிரித்ததுதான். திரையில் டயருக்கு ஒரு விலை, அடித்துப் போட்ட பழைய விலை ஒன்று, பக்கத்தில் பத்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு என்று தள்ளுபடி. கீழே சின்ன எழுத்தில், மாட்டும் செலவு தனி. சில தளங்கள் அருகிலுள்ள கடையில் மாட்டித் தர ஏற்பாடு செய்கின்றன, சில நகரங்களில் இயந்திரத்தோடு வண்டியே வாசலுக்கு வருகிறது. மற்றவை டயரைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

இதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒரே டயருக்கு நான்கு கடைகள் என்ன விலை சொல்கின்றன என்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிவது, ஜி.பி. ரோட்டில் மெக்கானிக்கின் பின்னால் நின்றவருக்குக் கனவிலும் கிடைக்காத வசதி. இணையத்தில் வாங்காதவருக்கும் இது உதவுகிறது. போனைக் காட்டி “அண்ணே, இதுல இவ்வளவுதான் போட்டிருக்கான்” என்றால் கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வருகிறார்.

ஆனால் கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்க்க வேண்டும். 165/80 ஆர்14 டயர் ஒன்றைக் கடையில் 5,300 ரூபாய், மாட்டி பேலன்சிங் செய்து தருவதோடு, என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இணையத்தில் 4,750. நான்குக்கும் சேர்த்து 2,200 ரூபாய் மிச்சம் போலத் தெரிகிறது. இனி வெளியே மாட்டுவோம். கழற்றி மாட்ட டயருக்கு 150 வீதம் 600. டியூப்லெஸ் வால்வு 60 வீதம் 240. பேலன்சிங் 150 வீதம் 600. அதற்கு ஒட்டும் ஈயத்துண்டுக்குக் கிராம் கணக்கில் தனிக் காசு. நான்கு சக்கரத்துக்கும் நூறு கிராம், கிராமுக்கு மூன்று ரூபாய் என்றால் 300. ஆக 1,740. மிஞ்சியது 460. பழைய நான்கு டயரையும் எடுத்துக்கொண்டு கடைக்காரர் டயருக்கு 200 கழித்துக்கொடுத்திருந்தால், அந்த 460-உம் போய் 340 ரூபாய் நட்டத்தில் நிற்போம். அலைன்மென்ட்டை இரு பக்கமும் சமமாக விட்டுவிட்டேன். நைட்ரஜனையும் சேர்க்கவில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும்போது அதற்குத் தனிக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். மாறாதது ஒன்று உண்டு: கூலி டயரின் விலையைப் பார்த்து ஏறுவதில்லை. ஆல்டோவின் 12 அங்குல டயரை மாட்டும் கூலிக்கும் கிரெட்டாவின் 17 அங்குல டயரை மாட்டும் கூலிக்கும் வித்தியாசம் சில நூறுதான். தள்ளுபடியோ விழுக்காட்டில் வருகிறது. மூவாயிரத்துக்கு உட்பட்ட டயரில் பத்து விழுக்காடு என்பது முந்நூறைக்கூட எட்டாது, மாட்டும் செலவே அதை விழுங்கிவிடும். ஒன்பது, பத்தாயிரம் ரூபாய் டயரில் அதே பத்து விழுக்காடு நான்குக்கும் சேர்த்து நாலாயிரத்தைத் தொடும், எல்லாக் கூலியும் போகக் கையில் நிற்கும். சிறிய கார்க்காரர் தேடித் தேடி வாங்குவதும், பெரிய கார்க்காரர் விசாரிக்காமல் ஷோரூமிலேயே போட்டுக்கொள்வதும் நம் ஊரில் காண்கிற காட்சி. கணக்குப்படி இது நேர்மாறாக இருக்க வேண்டும்.

தள்ளுபடியை எல்லாம் தோற்கடித்த ஒரு குறைப்பு அரசிடமிருந்து வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கார் டயருக்கு 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18. அடக்க விலை 4,000 ரூபாய் என்றால் வரியோடு 5,120 இருந்தது 4,720 ஆயிற்று. டயருக்கு 400 ரூபாய், மாட்டும் செலவு வேறு என்ற நிபந்தனை இல்லாமல். எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. மலிவுக்குப் பெயர்போன சீன டயர்களை அதன் பிறகு எளிதாகக் கொண்டுவர முடியவில்லை.

விலை குறைவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது வயது. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வெப்பத்தில் இறுகும், ஓசோனில் வெடிப்பு விடும். கிடங்கில் இரண்டு ஆண்டு கிடந்ததைக் கழித்துத்தள்ள விலையைக் குறைப்பது வியாபாரத்தில் குற்றமில்லை, ஆனால் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கடையில் நின்று வாங்கினால் மாட்டும் முன் அந்த எண்ணைப் பார்த்து, “வேற எடுங்க” என்று சொல்லலாம். பொட்டலம் பிரித்த பிறகு பார்த்தால் திருப்பி அனுப்பும் வேலை இருக்கிறது. ரிம்மில் ஏற்றிய பிறகு பார்த்தால் அதுவும் இல்லை. அன்றைய வாடிக்கையாளர் யாரும் இந்த எண்ணைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்க்கக் கற்றுக்கொண்டது இந்தத் தலைமுறைதான், அதைக் கற்றுக்கொடுத்ததும் இணையம்தான்.

இழந்தது எங்கே என்றால், கிளைமில். புது டயரின் பக்கவாட்டில் மூன்றாம் மாதம் ஒரு வீக்கம் தெரிகிறது என்று வையுங்கள். அன்று டயரைக் கொடுத்தவரும் மாட்டியவரும் ஒரே ஆள். டயரைக் கழற்றிக் கடையில் போட்டுவிட்டால், நிறுவனத்து ஆள் வந்து பார்த்து, தயாரிப்புக் குறை என்று ஒப்புக்கொண்டால் மிச்சமிருக்கும் பட்டன் ஆழத்தை அளந்து அதற்கேற்பக் கழித்துக்கொடுப்பார். கிடைப்பது சில சமயம் சொற்பம், சில சமயம் ஒன்றுமில்லை, ஆனாலும் கடைக்காரர் நமக்காகப் பேசுவார். இன்று விற்றவர் ஒருவர், அனுப்பியவர் ஒருவர், மாட்டியவர் ஒருவர். பள்ளத்தில் விட்டிருப்பீர்கள் என்பார் முதலாமவர், மாட்டும்போது விளிம்பு நெரிந்திருக்கும் என்பார் இரண்டாமவர். மூன்றாமவர், “நான் வித்த டயர் இல்லையே சார்” என்பார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த மூன்றாமவரின் நிலை யோசிக்கத் தக்கது. டயர் விற்பனையில் கிடைத்த லாபத்தில் மாட்டும் கூலியை மறைத்து வைத்திருந்தவர் அவர். விற்பனை கைநழுவியதும் கூலியை வெளிப்படையாகக் கேட்க வேண்டி வந்தது. சில லட்சம் போட்டு இயந்திரங்கள் வாங்கியவருக்கு இப்போது அந்தக் கூலிதான் வருமானம். வெளியில் வாங்கி வந்த டயர் என்று தெரிந்ததும் சில கடைகளில் கூலி கொஞ்சம் கூடுவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. பத்து நிமிடம் ஓடும் இயந்திரத்துக்கும், சரியான பக்கம் வெளியே வருகிறதா, அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டும் கைக்கும் உரிய விலையை முன்பு நாம் கொடுத்ததே இல்லை.

ஐந்தாவது டயரின் கதையும் மாறிவிட்டது. அன்று ஸ்டெப்னியும் சுழற்சியில் வரும், ஐந்தும் சேர்ந்து தேயும். பிறகு பல கார்களில் ஸ்டெப்னி மற்ற நான்கை விடச் சிறிய அளவாயிற்று. 2020-ல் திருத்திய மோட்டார் வாகன விதிகள், டியூப்லெஸ் டயரோடு காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்றன. அப்படி ஸ்டெப்னி இல்லாத காரில், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி இரவு ஒன்பது மணிக்குப் பக்கவாட்டு கிழிந்தால், ஒட்டும் பெட்டி உதவாது, மூன்று நாளில் வந்து சேரும் தள்ளுபடியும் உதவாது. நெடுஞ்சாலையோரம் விளக்கெரியும் கடையில் அந்த அளவில் எந்த நிறுவனத்து டயர் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கடைக்காரர் மாட்டுவதையும் சேர்த்து ஒரே விலையாகத்தான் சொல்வார்.