நகரமா, கிராமமா? நாரணாபுரத்து வாசலில் நிற்கும் கேள்வி

குழந்தை வளர்க்க நகரம் ஏற்றதா, கிராமம் ஏற்றதா என்ற விவாதத்தில், கிராமம் என்றதும் கண்மாய்க்கரையும் வேப்பமர நிழலும், நகரம் என்றதும் பூட்டிய அடுக்ககமும் கைப்பேசியும் முன்வைக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் இவ்விரு சித்திரங்களிலும் அடங்குவதில்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் மழை பொய்த்தபோதெல்லாம் கைகொடுத்த தீப்பெட்டியும் பட்டாசும் இப்பகுதி ஊர்களை ஆலைகளின் நீட்சியாகவே ஆக்கிவிட்டதால், இங்கு வளரும் குழந்தைக்குக் கிராமத்து முற்றமும் தொழில்நகரத்துக் கெடுபிடியும் ஒருசேர வாய்க்கின்றன.

விடியுமுன் வண்டி வந்து சிறுவர்களைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிச் சென்ற காலத்தை, 1990இல் வெளிவந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அபாயத் தொழிலில் அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும் என்றது. அதன்பின் ஆலைவாசலில் சிறுவர் கூட்டம் கலைந்தது, பள்ளிக்கூடம் நிறைந்தது, விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. இவை சிறிய சாதனைகள் அல்ல.

ஆயினும் ஆலையை விட்டு வெளியேறிய வேலையில் ஒரு பகுதி வீட்டுக்குள் நுழைந்திருப்பது அதிகம் பேசப்படுவதில்லை. பட்டாசின் உடலாகிய காகிதக் குழாயைச் சுருட்டுவது அவ்வகை வேலைகளுள் ஒன்று. அளவாக வெட்டிய தாளின் ஓரத்தில் பசை தடவி, இரும்புக் கம்பியில் வைத்துப் பலகைமேல் உருட்டி, கம்பியை உருவிவிட்டு, ஈரக் குழாயை வெயிலில் பரப்ப வேண்டும். மருந்து, அதாவது வெடிக்கலவை, இதில் சேர்வதில்லை என்பதால் இது ஆபத்தற்றதாகவே கருதப்படுகிறது. கூலியோ எண்ணிக்கைக்கு இவ்வளவு என்னும் ‘பீஸ் ரேட்’ முறையில் வருவதால், பள்ளி விட்டு வந்த பிள்ளை பசை தடவ உட்கார்ந்தால் தாயின் கணக்கு கூடுகிறது. வீட்டுப்பாட நோட்டு பலகைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிறது. யாரும் அடித்து உட்கார வைப்பதில்லை என்பதுதான் இதைக் கண்டுபிடிப்பதையே கடினமாக்குகிறது.

சட்டமும் வீட்டு வாசலில் சற்றுத் தயங்கியே நிற்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோதும், குடும்பத்தார் துணையுடன் நடத்தப்படும் பட்டறைக்கு விலக்களித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று பொதுத் தடையை விரித்துவிட்டு, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் மட்டுமின்றி, அத்தை, சித்தப்பா, மாமா, சித்தி எல்லோருமே அச்சட்டத்தின் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். தெருவுக்குத் தெரு சொந்தம் நிறைந்த ஊரில் இதன் எல்லை எங்கே முடியும்? மருந்து கலவாத குழாய் அபாயத் தொழிலின் பகுதியா என்பதிலும் வாதத்துக்கு இடமுண்டு. உரிமமின்றி வீட்டிலேயே மருந்து வைத்துப் பட்டாசு செய்யும் இடங்களில் வாதமே தேவையில்லை. அங்கே அடுப்புக்கும் பிள்ளை உறங்கும் பாய்க்கும் இடையில் வெடிமருந்து இருக்கிறது. ஆலையில் மருந்து அறையைத் தனியே பிரித்துக் கட்ட வேண்டும் என்ற விதி எதற்காக வந்ததோ, அந்தக் காரணமே வீட்டில் காற்றில் பறக்கவிடப்படுகிறது.

வீட்டு வேலையில் கைத்திறனும் குடும்ப ஒட்டுதலும் வளர்கின்றன என்று சொல்வோர் உண்டு. மதுரையிலோ சென்னையிலோ தனியே வளரும் பிள்ளைக்கு அந்த ஒட்டுதல் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் பிள்ளையின் மாலைப்பொழுதுக்கு யாரும் பீஸ் ரேட் பேசுவதில்லை.

மே மாதம் வந்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். நகரத்தில் கோடைக்கால நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டும் அதே நாட்களில், இங்கே பள்ளி பூட்டியிருக்கும், சத்துணவு நின்றிருக்கும், தீபாவளிக்கான சரக்கு வேலை நடந்துகொண்டிருக்கும். குழாய் காய்வதற்கு அதைவிட நல்ல வெயிலும் கிடையாது.