பத்மநாபதாசனின் தளவாய்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் அமைந்த கரமனை, தமிழ்ப் பிராமணர்களின் அக்கிரகாரத் தெருக்களால் அறியப்படும் பகுதியாகும். கோயிற்பணிக்கும் அரண்மனைக் கணக்கு வேலைக்கும் மலைநாட்டுக்கு வந்த இச்சமூகத்தினருள் அரசனுக்கு அடுத்த நிலையை எட்டியவர், பிற்காலத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த ராமய்யன் ஆவார். படையை நடத்துவதோடு வரியையும் வணிகத்தையும் கவனித்த முதன்மை அமைச்சரே திருவிதாங்கூரில் தளவாய் எனப்பட்டார். அப்பொறுப்பை ராமய்யன் 1737 முதல் 1756இல் இறக்கும்வரை வகித்தார்.

1729இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மா, எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நிலவுடைமைத் தலைவர்களையும், மருமக்கள் வழி மரபை, அதாவது சகோதரியின் மகனுக்கே அரசுரிமை சேரும் முறையை, மறுத்துத் தமக்கு உரிமை கோரிய முன்னைய மன்னரின் மக்களான தம்பிமாரையும் கொடுமையாக ஒடுக்கிய பின்னரே நிலைபெற்றார். சொந்தப் படையும் குலச் செல்வாக்கும் உடைய உள்ளூர்ப் பிரபுக்கள்மீது நம்பிக்கை இழந்த அரசருக்கு, அவ்விரண்டும் இல்லாத, ராயசம் என்னும் அரண்மனை எழுத்துப் பணியிலிருந்து உயர்ந்த ஒருவர் தேவைப்பட்டார். ராமய்யனின் விசுவாசத்தைக் குணநலனாக மட்டும் போற்றும் வழக்கம் உண்டு. அரசர் வீழ்ந்தால் தமக்கு நிற்க இடமில்லை என்ற நிலையும் அதற்கு அடிப்படையாயிருந்தது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

1741இல் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றதையும், 1746இல் காயங்குளம் இணைக்கப்பட்டதையும் தொடர்ந்து, போர்ச் செலவை ஈடுகட்டும் வழியாக மிளகு வணிகம் அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. உற்பத்தியாளரிடமிருந்து குறித்த விலைக்கு அரசே மிளகை வாங்கி ஐரோப்பியருக்கு விற்ற இவ்வமைப்பை மாவேலிக்கரையிலிருந்து நடத்தியவர் ராமய்யனே. போர்க்களப் புகழைக் காட்டிலும் இக்கணக்கறிவே அரசை நிலைநிறுத்தியது எனலாம். 1753ஆம் ஆண்டின் மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர் மிளகுக்காக ஆயுதம் தர இணங்கியதும் இதன் விளைவே. இதற்கிடையே 1750 சனவரியில் மார்த்தாண்ட வர்மா திருப்படிதானம் என்னும் சடங்கின் மூலம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துப் பத்மநாபதாசன் ஆனபோது, அரசருக்கு எதிரான செயல் தெய்வத்துக்கு எதிரானதாகவும் கொள்ளப்படலாயிற்று.

சீனாவின் மூவரசுக் காலத்தில் லியூ பெய் என்னும் அரசருக்குத் தொண்டாற்றிய ஜூகே லியாங்கோடு ராமய்யனை ஒப்பிடலாம். தம் மகன் தகுதியற்றவனாயின் நீரே ஆட்சியை ஏற்றுக்கொள்ளும் என்று, 223இல் மரணப்படுக்கையிலிருந்த லியூ பெய் கூறியும், ஜூகே லியாங் அம்மகனுக்கே உழைத்து, வட அரசான வெய்யை வெல்லாமலே 234இல் போர்முகாமில் இறந்தார். அரியணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் விலகி நின்ற விசுவாசம் அது. மரபும் குலமும் அரசுரிமையை முற்றிலும் அடைத்துவிட்ட ராமய்யனுக்கு அத்தகைய சோதனை நேரவே இல்லை.

இறுதி நாட்களில் அவரது விருப்பத்தை அரசர் கேட்டறியச் செய்தபோது, கொச்சியை இணைக்க முடியாமற்போனதே குறை என்று அவர் தெரிவித்ததாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசரும் 1758இல் மறைந்தார். அடுத்த தளவாயான அய்யப்பன் மார்த்தாண்ட பிள்ளை 1762இல் கொச்சிக்குள் படை நடத்தியது, அந்நாட்டைக் கைப்பற்றுவதற்காக அன்று, அதை ஆக்கிரமித்திருந்த கோழிக்கோட்டுச் சாமூதிரியை விரட்டுவதற்காகவே. கொச்சி தனியரசாகவே நீடித்து, 1949 சூலை 1இல்தான் திருவிதாங்கூரோடு இணைந்தது.