எட்டு மாதம் காத்திருந்த பெட்டி

சோம்பேறித்தனம் வேறு, தள்ளிப்போடுவது வேறு என்று போன வாரம் பார்த்தோம். சோம்பேறிக்கு வேலையின் நினைப்பே வராது. தள்ளிப்போடுகிறவர் தினமும் நினைப்பார். நினைத்துவிட்டு அலமாரியை ஒழுங்குபண்ணப் போய்விடுவார். இந்த வாரம் அப்படி ஒருவரைப் பார்க்கலாம். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர்.

அமெரிக்கரான ஜார்ஜ் அகெர்லாஃப் 1960களின் கடைசியில் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வந்தார் நண்பர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ். (2001-ல் இருவரும் சேர்ந்தே நோபல் வாங்கினார்கள், அது பிறகு.) திரும்பும்போது விமானத்தில் கொண்டுபோக முடியாத ஒரு துணிப் பெட்டியை ஸ்டிக்லிட்ஸ் விட்டுவிட்டுப் போனார். அகெர்லாஃப் அதைப் பார்சலில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. நம் ஊர் அலுவலக நடைமுறையும் தன் சாமர்த்தியமும் அவருக்குத் தெரியும். இதற்கு ஒரு முழு நாள் போய்விடும் என்று கணக்குப் போட்டார். எட்டு மாதத்துக்கும் மேலாகத் தினமும் காலையில் எழுந்து, ‘நாளைக்கு அனுப்பிவிடலாம்’ என்று முடிவெடுத்தார். கடைசியில், அமெரிக்கா திரும்பிய இன்னொரு நண்பரின் சாமான்களோடு பெட்டியைச் சேர்த்துவிட வேண்டியதாயிற்று.

1991-ல் வெளியான தன் புகழ்பெற்ற உரை ஒன்றில் இந்தக் கதையை அவரே எழுதியிருக்கிறார். இன்று போனால் வீணாகும் நாள் கண்ணெதிரே தெரிகிறது. நாளை வீணாகப்போகும் நாள் அவ்வளவு உறைப்பதில்லை. ஒரு நாள் தாமதமானால் என்ன நஷ்டம்? நண்பருக்குச் சட்டை ஒரு நாள் பிந்திக் கிடைக்கும். எனவே அன்றன்றைய கணக்கில் பிழை கண்ணுக்குத் தெரியாது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. முதல் நாளே யாராவது, “எட்டு மாதம் இது இங்கேயே கிடக்கும், சம்மதமா?” என்று கேட்டிருந்தால் அகெர்லாஃப் அன்றைக்கே தபால் ஆபீஸுக்குக் கிளம்பியிருப்பார்.

தள்ளிப்போடுகிறவரிடம் மன உறுதி பற்றி உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். ‘இன்றைக்கா, நாளைக்கா?’ என்று கேட்டுக்கொள்ளும்வரை நாளைதான் ஜெயிக்கும். கேள்வியை மாற்ற வேண்டும்.

நம் வீடுகளில் இந்தப் பெட்டிக்கு நாமினி என்று பெயர்.

“ஏங்க, பேங்க்ல நாமினி போட்டாச்சா?”

“திங்கக்கிழமை போறேன்.”

“எந்தத் திங்கக்கிழமை?”

இத்தனைக்கும் நாமினிப் படிவம் நிரப்புவது ஒன்றும் பெரிய வேலையில்லை. கேட்டால் கிளையில் கொடுப்பார்கள். நாமினியின் பெயர், முகவரி, உறவு, வயது, நம் கையெழுத்து. கைநாட்டு வைப்பவருக்குத்தான் சாட்சிகள் வேண்டும். பதிவானால் பாஸ்புக்கிலேயே அச்சாகும். பதியாமல் கணக்குக்காரர் கண்ணை மூடிவிட்டால், குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படி ஏற வேண்டிவரலாம். (நாமினி என்பதால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது. வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கும் பொறுப்புதான் அவருடையது. சொத்து யாருக்கு என்பதற்கு உயில் வேண்டும். அது இன்னொரு பெட்டி!) பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் கடைசியில் அப்படிச் சேர்ந்திருந்தது 78,213 கோடி ரூபாய். எல்லாமே நாமினி இல்லாததால் வந்தது அல்ல. மறந்துபோன கணக்குகளும் உண்டு. ஆனால் அதில் எத்தனை திங்கட்கிழமைகள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘இன்றைக்கா, நாளைக்கா?’ என்ற அந்தக் கேள்வியை மாற்ற வழி சொன்னவர் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். 1997-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று பாதிப் பேரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொன்ன கெடுவுக்குள் முடித்தார்கள். அப்படிக் கேட்கப்படாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் முடித்தார். கேட்க எளிதாக இருப்பதாலேயே பலர் இதை மதிப்பதில்லை. ஆனால் நாளும் நேரமும் இடமும் முடிவாகிவிட்டால், தினமும் காலையில் புதிதாக முடிவெடுக்கும் வேலை மிச்சம். அகெர்லாஃப் தடுக்கி விழுந்த இடம் அதுதானே?

எல்லாவற்றையும் உடனே முடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘இன்றே கடைசி நாள்’ என்று கடைக்காரர் சொல்லும்போது தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம். அவசரப்பட்டு எடுக்கும் அந்த முடிவுகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குள் ஒரு வேலை. பாஸ்புக்கை எடுத்து நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கிளைக்குப் போகப்போகிறீர்கள் என்பதைக் காலண்டரில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)