குடிக்கூலி கொடாத குடிகள்

பிறர் வீட்டில் இருப்பவன் மாதந்தோறும் அதற்காகக் கொடுக்கும் பணத்துக்குக் 'குடிக்கூலி' என்று பெயர். இக்காலத்தார் வாடகை என்பர். கீழைத்தேயக் கல்லூரியில் பண்டித வகுப்பு மாணவர்க்குத் தொகைச் சொற்களை விளக்கும்போது ஒருநாள் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதனை விரித்துச் சொல்லுக என்றேன். "குடியிருத்தற்குக் கூலி, சேர்" என்றான் முன்வரிசையில் இருந்தவன். பின்வரிசையிலிருந்து மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்து மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்கள் பக்கத்தில் அது மாறி விரியும், சேர். கூலிக்கு வேலை செய்தாற்றான் குடி." வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் விரித்தது இலக்கணத்துக்கு ஒவ்வாது, உண்மைக்கு ஒக்கும்.

தோட்டத் தொழிலாளர் வாழும் நெடுங்கட்டடத்தை லயம் என்கிறோம். வரிசை என்ற பொருளில் ஆங்கிலேயர் வழங்கிய 'லைன்' என்பதே நம்மவர் நாவில் அவ்வாறு திரிந்தது. வடமொழியிலுள்ள லயம் என்ற சொல்லுக்கோ ஒடுக்கம் என்று பொருள். இவ்விரண்டுக்கும் உறவு இல்லை. எனினும் அக்கட்டடத்துள் ஒருமுறை நுழைந்து மீண்டவர், உறவு இல்லை என்று துணிந்து சொல்லத் தயங்குவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு: இதுவே ஒரு குடும்பத்தின் பங்கு. அவ்வறைக்குக் காம்பரா என்று பெயர். அது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். ஒரே கூரையின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். சில லயங்களில் முதுகோடு முதுகாக இன்னும் அத்தனை.

இதற்குக் குடிக்கூலி இல்லை. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவர்க்கு வேலையோடு சேர்ந்து கிடைப்பது இது. புறத்தே நிற்பவர்க்குச் சலுகை போலவே தோன்றும். ஆனால் நகரத்தில் குடிக்கூலி கொடுப்பவன் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது. அச்சீட்டின் பின்னே 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் நிற்கிறது. முறையிட ஒரு வாடகைச் சபையும் உண்டு. காம்பராவில் இருப்பவர் கையில் சீட்டும் இல்லை, உறுதியும் இல்லை. அவர் உரிமையாளரும் அல்லர், வாடகையாளரும் அல்லர்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் காட்டிற்று. உலகெங்கும் அரசுகள் மக்களை வீட்டிலிருக்கப் பணித்தன. வீடில்லாதவன் எங்கே இருப்பான் என்ற வினா உடனே எழுந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் இங்கிலாந்து அரசு, தெருவில் உறங்குவோரை உள்ளே சேர்க்குமாறு உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டது; மன்றங்கள் வெறுமையாய்க் கிடந்த விடுதிகளில் அவர்களை இருத்தின. மார்ச் 29ஆந் திகதி இந்திய உள்துறை அமைச்சு, தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கலாகாது, அவர்களை வெளியேறச் சொல்லவும் ஆகாது என ஆணை பிறப்பித்தது. அமெரிக்காவில் செப்டெம்பர் மாதம் நோய்த்தடுப்பு நிலையமே குடியெழுப்பலைத் தடுத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இவ்வாணைகள் எங்கும் முற்றாக நடந்தேறின என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அவை இருவரைக் கண்டுகொண்டன: வாடகையாளன் ஒருவன், வீடற்றவன் மற்றவன். இவ்விரு பெயருள்ளும் அடங்காதவரே நம் காம்பராவாசிகள்.

என் பழைய மாணவன் ஒருவன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தான். கடைக்கு மேலே ஓர் அறையில் அறுவர் படுப்பர். அதற்கென ஒரு தொகை சம்பளத்திற் கழியும். கடை மூடப்பட்டதும் அறையையும் விடச் சொன்னார்கள். மார்ச் 20ஆந் திகதி மாலை ஊரடங்கு பிறப்பதற்கு முந்திய நாள் அவன் ஹட்டன் வந்து இறங்கினான். தோட்டத்தில் அவனுக்கு ஒரு காம்பரா உண்டு. தாய், தந்தை, பாட்டி, தமையன், அண்ணி, இரு குழந்தைகள் ஆகிய எழுவர் அதில் இருந்தனர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, பதினான்கு நாள் தனியறையில் இருக்குமாறு சொல்லிச் சென்றார். அவர் தம் கடமையைச் செய்தார்; தனியறைக்கு அவர் எங்கே போவார்? பிள்ளை மடுவம் அந்நாட்களில் மூடிக்கிடந்தது. அதைத் திறந்துதரக் கேட்டபோது மேலிடத்து அனுமதி வேண்டுமென்றார்கள். அனுமதி வரவில்லை. மரக்கறித் தோட்டத்துக் காவற்குடிலில் தறப்பாள் கட்டிப் பதினான்கு இரவு படுத்தான். தேயிலைக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தமையால் தாய் மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்வாள். திரும்பும் வழியில் சோற்றுப் பொதியை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு எட்டி நிற்பாள். நோய் அவனுக்கு வரவில்லை. "சேர், கொழும்பிலும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை. ஆனால் யார் பதிவெடுத்தாலும் நான் வீடுள்ளவன்தான்" என்று தொலைபேசியிற் சொன்னான்.

தனிமைப்படுத்தல் இம்மக்களுக்குப் புதிதன்று. கடல் கடந்து வந்த இவர்தம் முன்னோருட் பலர் மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவர் பார்த்து விடுத்த பின்னரே கப்பலேறினர். அம்மைநோயும் வாந்திபேதியும் தோட்டங்களுக்கு வந்துவிடலாகாது என்பது நோக்கம். வருமுன் தனித்திருக்க இடம் வகுத்தவர்கள், வந்தபின் அதனை மறந்தார்கள்.

உள்ளூராட்சி மன்றம் எங்கே போயிற்று என்று வாசகர் வினவுதல் கூடும். அது நெடுங்காலம் தோட்டத்து எல்லையிலேயே நின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அக்கதை முடிந்தது. பிரசை ஆனபின்னும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் ஒரு படிக்கட்டுக் கட்டுதற்கும் சபைப்பணம் எடுக்கலாகாது என்றே அதற்குப் பொருள் கொண்டனர். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெருஞ்சபைகளிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகளும் பிரிந்து எழுந்தன. சரியாக இரண்டு ஆண்டில் கொள்ளைநோய் வந்தது.

அந்நாட்களில் சபை உறுப்பினர் சிலர் உலருணவுப் பொதிகளைத் தோளிற் சுமந்து லயம் லயமாக ஏறியதைக் கண்டேன். கிருமிநாசினி தெளித்தார்கள், பீலித் தண்ணீர் வராதவிடத்துக் குழாய் இழுத்தார்கள். இவை சிறு செயல்கள் என்பாரும் உளர். எனக்கு அவை பெரியனவாகவே தோன்றின. தோட்டத்துக்குள் சபை என ஒன்று நுழைந்ததை அத்தோட்டத்து முதியோர் அன்றுதான் கண்டனர். ஆனால் காம்பராவின்மேல் சபைக்கு அதிகாரம் இல்லை. நிலம் அரசினது, 1992 முதல் அதன் முகாமை கம்பனிகள் கையில், நெடுங்குத்தகையில் இருக்கிறது. நோயாளிக்கு ஓர் அறை வேண்டுமாயின் சபைத் தலைவரும் மற்றெவரையும் போலக் கந்தோர் வாயிலில் நின்று கேட்கவேண்டியவரே.

வீட்டுத்திட்டங்கள் வந்தன, வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்பது காம்பராவில் பிறந்தவர்க்கு வேறோர் உலகம். ஆனால் வேகம் போதாது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த பத்தாயிரம் வீடுகளின் பணி 2024 பெப்ரவரியிலேதான் தொடங்கிற்று. அதற்கிடையில் நோய் வந்து போய்விட்டது. சபைகளோ 2023 மார்ச்சில் காலம் முடிந்து, 2025 மே 6ஆந் திகதித் தேர்தல் வரை உறுப்பினரின்றிக் கிடந்தன. அந்த இரண்டு ஆண்டில் மற்றொரு கொள்ளைநோய் வந்திருப்பின் பொதி சுமந்து ஏறுதற்கும் ஆள் இருந்திராது.

தனிவீடு எல்லார்க்கும் கிடைக்கும் நாள் வரையில் சபைகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. காம்பரா ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அதில் வாழ்வோர் பெயரைத் தம் ஏட்டில் எழுதி, ஒரு பிரதியை அவர் கையிற் கொடுக்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆபத்துக் காலத்துக்கென ஒரு கட்டடத்தை முன்னரே குறித்து, அதன் திறப்பில் ஒன்றைச் சபையில் வைத்துக்கொள்ளக் கம்பனியோடு எழுத்தில் உடன்படலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டா. குடிக்கூலி கொடுப்பவனுக்குப் பற்றுச்சீட்டு எதுவோ, காம்பராவாசிக்கு அவ்வேட்டுப் பிரதி அதுவாகும்.

அந்த மாணவன் மீண்டும் கொழும்பில்தான் இருக்கிறான். சென்ற ஆண்டு அவனுக்குத் திருமணம் ஆயிற்று. நான் தோட்டத்துக்கு அனுப்பிய வாழ்த்துக் கடிதம் கந்தோரிற் கிடந்து, திருமணம் முடிந்து பதினொரு நாளின் பின்னரே அவன் வீட்டார் கைக்குச் சேர்ந்தது. தபாற்காரரைக் குறைசொல்ல மாட்டேன். உறையின்மேல் அவன் பெயரும் தந்தை பெயரும், மேற்பிரிவு என்றும், தோட்டத்தின் பெயரும் எழுதியிருந்தேன். வீட்டிலக்கம் எழுதும் இடத்தில் எழுதுதற்கு எனக்கு ஒன்றுமில்லை.