மனசின் அளவுகோல் – 9: மாப்பிள்ளை விசாரிப்பு

கல்முனைக்குடியில் மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்வீட்டில். ஆளைப் பிழையாக எடைபோட்டால், அதே கூரைக்குள் கிடந்து அனுபவிக்க வேண்டும். அதனால் விசாரிப்பு இங்கே ஒரு கலை. என் சாச்சா அதில் கைதேர்ந்தவர். மாப்பிள்ளைப் பொடியனிடம் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார். "அவன்ட வாயால கேட்டா நல்லவன் எண்டுதான் வரும்" என்பார். நேரே கடற்கரைக்குப் போவார். கரைவலைக்காரரிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: "பங்கு பிரிக்கிற நேரம் ஆள் எப்பிடி, காக்கா?"

சென்ற வாரம், நம்மைப் பற்றி நாமே நிரப்பும் வினாத்தாள்களைப் பார்த்தோம். அவை தடுமாறுகிற இடம் சைக்கோபதி. கூசாமல் பொய் சொல்வதும், பேச்சில் மயக்குவதும், செய்ததற்கு வருந்தாததும் ஒருவரின் இயல்பென்றால், அவர் நிரப்பித் தந்த தாளை எவ்வளவு நம்புவது? அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி 1941இல் இவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே 'முகமூடி' என்ற சொல் இருந்தது.

கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர், திருத்திய வடிவில் 1991இல் வெளியிட்ட சைக்கோபதிப் பட்டியலில் 20 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2; உச்சம் 40. வட அமெரிக்காவில் 30 என்பது வழக்கமான எல்லைக்கோடு. புள்ளி போடுபவர் பயிற்சி பெற்ற நிபுணர். நீண்ட நேரம் பேசிப் பார்ப்பார். பிறகு சிறைக்கோப்பையும் வழக்குப் பதிவுகளையும் புரட்டி, சொன்னதை நடந்ததோடு உரசிப் பார்ப்பார். சாச்சாவின் கடற்கரைக் கேள்வியும் அந்த உரைகல்தான்.

பார்க்கிற கண்ணிலும் கோளாறு உண்டு. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கோப்புகளைக் கொடுத்தார்கள். சிலரிடம் 'உங்களை அமர்த்தியது அரசுத் தரப்பு' என்றார்கள். மற்றவர்களிடம் 'எதிரித் தரப்பு' என்றார்கள். அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் கூடுதலாகப் புள்ளி போட்டார்கள். கலியாணத் தரகரின் சொல்லை சாச்சா ஏன் காதில் போடுவதில்லை என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எந்தப் படியில் நின்று பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஹேரும் பால் பேபியாக்கும் வேலைத்தலங்களுக்கென்று உருவாக்கிய 'பி-ஸ்கேன் 360' அளவுகோலில், மேலதிகாரியைக் கீழே வேலை செய்பவர்களும் மதிப்பிடலாம். மயக்கும் பேச்சு மேலே ஏறுகிற அளவுக்குக் கீழே இறங்குவதில்லை.

ஒருமுறை சாச்சாவுடன் நானும் போயிருந்தேன். வலைச் சொந்தக்காரர் மாப்பிள்ளையைப் புகழ்ந்தார். பள்ளிவாசலடியிலும் நல்ல பெயர். கடைசியாக, கயிறு சுருட்டிக்கொண்டிருந்த சின்னப் பொடியனிடம் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றையே பார்த்தான்.

அந்த மாப்பிள்ளைக்கு எத்தனை புள்ளி விழுமென்று சொல்ல நான் ஆளில்லை. அயலவருக்குப் பட்டம் சூட்ட வந்த பட்டியலுமில்லை அது. சாச்சா இரண்டு கிலோ மீன் வாங்கினார். வீடு வரும்வரை பேசவில்லை. சம்பந்தப் பேச்சும் அதோடு நின்றது.

(தொடரும்)