வீட்டுவழிக் கல்வியை ஒழுங்கமைப்பதில் மூடுல் கற்றல் தளம்: நன்னூலின் பாடங்கேட்டல் முறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் பயிலும் பிள்ளைக்கு இன்று பாடப்பொருள் எளிதில் கிடைக்கிறது. உடன் பயில்வோரும் கற்றதை எடுத்துரைக்கும் அவையுமே எளிதில் கிடைப்பதில்லை. மூடுல் என்னும் கட்டற்ற கற்றல் தளத்தைக் கொண்டு இக்குறையை எவ்வளவு தீர்க்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பாடங்கேட்டல் முறை இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. தளத்தின் செயற்பாடுகள் அம்முறையோடு பொருத்திக் காட்டப்படுகின்றன. தமிழ் இலக்கணப் பாடமொன்றை அமைக்கும் வகையும், தமிழின் சொல்லமைப்பால் எழும் இடர்ப்பாடுகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வீட்டுவழிக் கல்வி, மூடுல், நன்னூல், பாடங்கேட்டல், வல்லினம் மிகுதல், கட்டற்ற மென்பொருள்.

முன்னுரை

பள்ளியில் சேர்க்காமல் பெற்றோரே பொறுப்பேற்றுப் பிள்ளைக்குக் கல்வி அளிப்பது வீட்டுவழிக் கல்வி எனப்படும். இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகக் கூறுகிறது; வீட்டுவழிக் கல்வியைத் தனியொரு முறையாக அது வகுத்துரைக்கவில்லை. இவ்வழியில் பயில்வோர் சான்றிதழ் பெறுவதற்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு ஒரு வாயிலாக உள்ளது. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்னும் பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2002இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இதன் இடைநிலைத் தேர்வுக்குரிய மொழிப்பாடங்களுள் தமிழும் ஒன்று.

இவ்வகைக் கல்வியில் ஈடுபடும் குடும்பங்களுக்குப் பாடப்பொருள் ஒரு பெருஞ்சிக்கலாக இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய மூலங்களை மின்னுருவில் வழங்குகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் பாடங்களையும் மின்னூலகத்தையும் பேணி வருகிறது. 2017இல் அறிமுகமான தீக்‌ஷா தளம் பள்ளிப் பாடநூல்களோடு இணைந்த காணொலிகளைத் தருகிறது. இவை அனைத்தும் கட்டணமின்றிக் கிடைப்பவை. எனினும் இவற்றை எந்த வரிசையில் பயில்வது, பயின்றதை யாரிடம் உரைப்பது, பிழையை யார் காட்டுவது என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. கற்றலை ஒழுங்கமைக்கும் தளம் ஒன்றின் தேவை இங்கேதான் எழுகிறது.

நன்னூல் கூறும் கற்றல் பகுப்பு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகிய ஐந்தின் வரலாற்றைக் கூறுகிறது. இவற்றுள் பாடங்கேட்டல் பற்றிய பகுதி, கல்வி நிறைவெய்தும் வழியைக் கூறுபோட்டுக் காட்டுவது குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. தன்னோடு ஒத்த மாணாக்கருடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கூடும். கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கருத்து.

அதே பகுதி நூல் பயில்வோனின் கடமைகளாக ஏழினைச் சுட்டுகிறது: வழக்கினை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் நீங்கக் கேட்டல், ஒத்தாரோடு பயிலுதல், வினவுதல், பிறர் வினாவுக்கு விடையளித்தல். இவ்வேழனுள் இறுதி மூன்றும் உடன் பயில்வோர் இருந்தாலன்றி முழுமையாக நிகழ இயலாதவை.

நன்னூல் கருதும் மாணாக்கன் இலக்கண நூலைக் கற்கும் தகுதியுடையவன். எழுத்தறியத் தொடங்கும் குழந்தை அல்லன். ஆகவே இப்பகுப்பை நடுநிலை, உயர்நிலை வகுப்புக்குரிய பிள்ளைகளுக்குப் பொருத்திக் காண்பதே முறையாகும். அவ்வாறு காணும்போது வீட்டுவழிக் கல்வியின் குறைபாடு தெளிவாகிறது. தாயோ தந்தையோ எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும், காணொலிகள் எவ்வளவு தரமாக இருப்பினும், அவை முதற் காற்பங்கையே நிரப்புகின்றன.

மூடுல் தளத்தின் தோற்றமும் கொள்கையும்

மூடுல் தளத்தை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சார்ந்த மார்ட்டின் டூகியாமாஸ். இதன் முதற் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த அவர், சிறுவயதில் சிற்றலை வானொலி வழியாக நடைபெறும் வான்வழிப் பள்ளியில் பயின்றவர். தொலைதூரப் பண்ணைகளிலும் குடியிருப்புகளிலும் வாழும் பிள்ளைகளை ஆசிரியரோடும் ஒருவரையொருவரும் குரலால் இணைத்த இப்பள்ளிமுறை 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கியது. வீட்டிலிருந்து பயின்ற ஒருவரே இத்தளத்தை வடிவமைத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

சமூகக் கட்டமைப்பியம் என்னும் கற்றல் கொள்கையை மூடுல் தன் அடிப்படையாக அறிவித்துள்ளது. ஒரு கற்றல் குழுவில் ஒவ்வொருவரும் மாணவராக இருப்பதுபோல் ஆசிரியராகவும் இருக்க வல்லவர். பிறர் காணுமாறு ஒன்றை உருவாக்கும்போதும் வெளிப்படுத்தும்போதும் கற்றல் சிறக்கிறது என்பன அக்கொள்கையின் கூறுகள். இவை நன்னூல் கூறும் பின் முக்காற் பங்கோடு ஒத்துச் செல்கின்றன. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. கற்றலின் இயல்பு பற்றிய கருத்தொற்றுமையே உள்ளது.

இத்தளம் கட்டணமற்றது மட்டுமன்று, கட்டற்றதும் ஆகும். பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிடப்படுவதால் எவரும் இதனைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஆயினும் மென்பொருளை நிறுவ வழங்கியும் தரவுத்தளமும் தேவை; வழங்கிக்கான செலவையும் பராமரிப்பையும் குடும்பங்கள் ஏற்கவேண்டும். கூகுள் வகுப்பறை போன்ற தளங்களில் இப்பொறுப்பு இல்லை. ஆனால் அங்கு அமைப்பும் தரவும் நிறுவனத்தின் வசம் இருக்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே தளத்தை நடத்தினால் செலவு குறைவதோடு, பிள்ளைகளுக்கு உடன் பயில்வோரும் கிடைக்கின்றனர்.

செயற்பாடுகளும் ஏழு கடமைகளும்

மூடுலில் ஒரு பாடத்தை வாரவாரியாகவோ தலைப்புவாரியாகவோ அடுக்கலாம். ஒவ்வோர் அலகிலும் பாடப்பொருளையும் செயற்பாடுகளையும் சேர்க்கலாம். ஒரு செயலை முடித்த பின்னரே அடுத்தது திறக்குமாறு நிபந்தனை விதிக்கலாம். முடித்த செயல்கள் குறியிடப்படுவதால் பிள்ளை தன் முன்னேற்றத்தைத் தானே காண்கிறது.

இச்செயற்பாடுகளை மேற்கூறிய ஏழு கடமைகளோடு பொருத்தலாம். வழக்கறிதலுக்குத் தரவுத்தொகுதி உதவும். நாளிதழ், பேச்சு, செய்யுள் ஆகியவற்றில் கண்ட எடுத்துக்காட்டுகளைப் பிள்ளைகள் அதில் சேர்ப்பர். பாடம் போற்றலுக்கு ஒலிப்பதிவாக அமையும் ஒப்படைப்பு ஏற்றது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை எழுத்தால் அன்றி ஒலியாலேயே மதிப்பிட இயலும். கேட்டவற்றை நினைத்தலுக்குப் பலமுறை எழுதத்தக்க வினாடி வினா பயன்படும். ஆசிரியரை அடுத்துக் கேட்டலுக்குப் பதிவுசெய்த பாடமும் நேரலைச் சந்திப்பும் துணையாகும். ஒருமுறை கேட்டவன் மீண்டும் கேட்பின் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்பின் முறையறிந்து உரைப்பான் என்னும் நன்னூற் கருத்துக்குப் பதிவுசெய்த பாடம் நன்கு இடமளிக்கிறது.

ஒத்தாரோடு பயிலுதலும் வினவுதலும் விடையளித்தலும் கருத்துக்களத்திலும் பட்டறைச் செயற்பாட்டிலும் நிகழ்கின்றன. கருத்துக்களத்தில் வினா–விடை வகை ஒன்று உண்டு. அதில் ஒரு மாணவர் தம் விடையை இட்ட பின்னரே பிறர் விடைகளைக் காணமுடியும். முந்தியவரைப் பார்த்து எழுதும் வழக்கம் இதனால் தவிர்க்கப்படுகிறது. பட்டறையில் ஒவ்வொருவரும் தம் ஆக்கத்தை ஒப்படைத்துப் பிறர் ஆக்கத்தை அளவைகளின்படி மதிப்பிடுவர். ஆக்கத்திற்கு ஒரு மதிப்பெண்ணும், மதிப்பிட்ட திறனுக்கு மற்றொரு மதிப்பெண்ணும் வழங்கப்படுகின்றன.

மாதிரிப் பாடம்: வல்லினம் மிகும் இடங்கள்

பன்னிரண்டு வயதை ஒட்டிய நான்கு பிள்ளைகள் இரண்டு வாரம் பயிலத்தக்க அலகாக வல்லினம் மிகும் இடங்களைக் கொள்ளலாம். முதல் மூன்று நாள்களில் ஒரு பெற்றோர் பதிவுசெய்த குறும்பாடத்தைக் கேட்டுச் சிறு வினாடி வினாவைப் பிள்ளைகள் எழுதுவர். பின்னர் விதிகள் பகிர்ந்தளிக்கப்படும். முதலாமவர் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட வருமிடத்தையும் (பாலைக் குடித்தான்), இரண்டாமவர் நான்காம் வேற்றுமையையும் (கடைக்குப் போனான்), மூன்றாமவர் அந்த, இந்த, எந்த என்பனவற்றையும் (அந்தப் பையன்), நான்காமவர் மிகாத இடமாகிய வினைத்தொகையையும் (சுடுசோறு, ஊறுகாய்) ஏற்பர்.

ஒவ்வொருவரும் தம் விதியைத் தாமே திரட்டிய எடுத்துக்காட்டுகளோடு மற்ற மூவர்க்கும் கற்பிக்கும் பாடமாக எழுதிப் பட்டறையில் இடவேண்டும். விதி தெளிவாக உள்ளதா, எடுத்துக்காட்டுகள் பொருந்துகின்றனவா, விதிவிலக்குச் சுட்டப்பட்டுள்ளதா என்னும் மூன்று அளவைகளால் மற்றவர் மதிப்பிடுவர். இறுதி நாளில் ஒவ்வொருவரும் நேரலையில் தம் பாடத்தை உரைத்துப் பிறர் வினாக்களுக்கு விடையளிப்பர். இவ்வமைப்பில் பெற்றோரின் கற்பித்தல் மூன்று நாள்களோடு முடிகிறது. எஞ்சிய நாள்கள் உடன் பயிலுதலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் உரியவை.

தமிழின் சொல்லமைப்பால் எழும் இடர்ப்பாடுகள்

தானியங்கி மதிப்பீடு தமிழ்ப் பாடத்தில் எல்லா இடத்தும் நம்பத்தக்கதன்று. குறுவிடை வினாவில் மூடுல், முன்கூட்டி உள்ளிட்ட விடையோடு எழுதப்பட்ட விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வல்லின மெய் ஒன்று கூடினும் குறையினும் விடை தவறாகிவிடும். விடைகள் பலவற்றை உள்ளிட்டு இதனை ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் ‘வேலை தேடினான்’, ‘வேலைத் தேடினான்’ என்னும் தொடர்களில் முன்னது பணியைத் தேடியதையும், பின்னது வேல் என்னும் படைக்கருவியைத் தேடியதையும் குறிக்கும். இரண்டும் பிழையற்றவை. எது பொருந்தும் என்பதைச் சூழலே முடிவுசெய்யும். இத்தகைய வினாக்களைக் கட்டுரை வினாவாக அமைத்து மனிதரே திருத்துவது நன்று.

சொற்களஞ்சியச் செயற்பாட்டிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. களஞ்சியத்தில் இட்ட சொல் பாடத்தில் வருமிடமெல்லாம் தானாகவே இணைப்புப் பெறும் வசதி மூடுலில் உள்ளது. ஆனால் ‘எழுத்து’ என்று பதிந்தால் ‘எழுத்தை’, ‘எழுத்தின்’ என்பன இணைப்புப் பெறா. உருபேற்கையில் ஈற்று உகரம் கெடுவதே காரணம். முழுச்சொல் பொருத்தத்தை நீக்கினாலோ ‘அணி’ என்னும் பதிவு ‘அணில்’ என்னும் சொல்லுக்குள்ளும் இணைப்பை உண்டாக்கும். முழுச்சொல் பொருத்தத்தை வைத்துக்கொண்டு, உருபேற்ற வடிவங்களைத் துணைச்சொற்களாகச் சேர்ப்பதே ஏற்ற வழி. இப்பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால் வேற்றுமைப் புணர்ச்சிக்கு அது பயிற்சியாகவும் அமையும்.

வரையறைகள்

தளத்தால் தீராத குறைகளும் உள. தட்டச்சில் பழகாத இளம்பிள்ளைகளுக்குக் கருத்துக்களம் சுமையாகும். மூவர் அல்லது நால்வர் மட்டுமே உள்ள குழுவில் ஒருவர் எழுதாமல் விட்டாலும் உரையாடல் தடைப்படும். ஆதலின் எழுதும் நாளையும் மறுமொழி நாளையும் முன்பே வரையறுத்தல் வேண்டும். தளத்தை நிருவகிக்கும் பொறுப்பு ஒரே பெற்றோர்மீது விழுந்தால், அவர் விலகும்போது முழு அமைப்பும் நின்றுவிடும். பாடங்களின் காப்புப்படியைப் பிற குடும்பங்களும் வைத்திருப்பது இதற்குத் தீர்வாகும். தளத்தில் பெறும் மதிப்பெண் பொதுத்தேர்வுக்கு மாற்றாகாது என்பதையும் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு உணர்த்தவேண்டும்.

முடிவுரை

கட்டணமற்ற கற்றல் தளத்தைப் பாடங்களைச் சேமிக்கும் இடமாக மட்டும் கையாளும் குடும்பம், பிள்ளைக்கு ஆசிரியரால் கிடைக்கும் காற்பங்கையே மேலும் விரிவாக்குகிறது. வீட்டுவழிக் கல்வியில் குறைவது உடன் பயிலுதலும் எடுத்துரைத்தலுமே என்பதை நன்னூற் பகுப்பு காட்டுகிறது. கருத்துக்களம், பட்டறை, சொற்களஞ்சியம் ஆகிய செயற்பாடுகளை மையமாக வைத்துச் சில குடும்பங்கள் இணைந்து பாடத்தை அமைப்பின், அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யலாம். தமிழ்ப் பாடத்தைப் பொறுத்தவரை புணர்ச்சியும் பொருள் வேறுபாடும் தொடர்புடைய விடைகளைத் தளத்தின் தானியங்கி மதிப்பீட்டிற்கு விடாது மனிதர் திருத்துவது இன்றியமையாதது. தமிழின் உருபேற்ற வடிவங்களை அறிந்து பொருத்தும் வசதியைக் கட்டற்ற தளமான மூடுலில் உருவாக்கிச் சேர்ப்பதற்கு உரிமத் தடை ஏதுமில்லை. தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் கூடி மேற்கொள்ளத்தக்க ஆய்வுப்பணியாக அது உள்ளது.